காலம் தப்பிய கைக்கடிகாரம்

ஒரு துப்பறியும் திரைப்படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதை நடக்கும் ஊர் ஊத்தங்கரை. காலம் 1979. வங்கியில் கொள்ளையடித்த ஒரு கோடி ரூபாயைக் கைப்பெட்டியில் அடைத்துக்கொண்டு ஒருவன் பேருந்து நிலையத்தில் நிற்கிறான். திருவண்ணாமலை செல்லும் பேருந்து வருகிறது. அவன் அவசரமாக மணி பார்க்கிறான். மணிக்கட்டில் புத்தம் புதிய டைட்டன் கடிகாரம் மின்னுகிறது. சாதாரண உடை அணிந்த போலீஸ்காரர் ஒருவர் டிவிஎஸ் 50 வண்டியில் அவனைப் பின்தொடர்கிறார். அருகிலுள்ள கடைப் பலகையில் ‘ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று எழுதியிருக்கிறது.

நல்ல விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் இது 1979-ல் நடந்திருக்கவே முடியாது. ஏன் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

முதலில் வண்டியை எடுத்துக்கொள்வோம். டிவிஎஸ் 50 நம் பக்கத்து ஊரான ஓசூரில் பிறந்தது. பிறந்த ஆண்டு 1980. ஆகவே 1979-ல் எந்தப் போலீஸ்காரரும் அதில் ஏறியிருக்க இயலாது. கடிகாரம்? டைட்டன் நிறுவனம் தொடங்கப்பட்டதே 1984-ல்தான். ஓசூர் தொழிற்சாலையில் செய்த அதன் கடிகாரங்கள் கடைகளுக்கு வந்தது 1980-களின் பிற்பாதியில். 1979-ல் திருடனாக இருந்தாலும் சரி, தாசில்தாராக இருந்தாலும் சரி, கையில் எச்.எம்.டி. போன்ற சாவி கொடுக்கும் கடிகாரம் இருப்பதே பொருத்தம்.

கடைப் பலகையோ இன்னும் மோசம். ஊத்தங்கரை 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. கிருஷ்ணகிரி மாவட்டம் உருவானது 2004 பிப்ரவரி 9-ல். வீடு வாசல் மாறாமல், ஒரே திண்ணையில் உட்கார்ந்தபடியே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள் நம் ஊர்த் தாத்தா பாட்டிகள்!

ஒரு காலத்துக் கதையில் அக்காலத்தில் இல்லாத பொருள் நுழைந்துவிட்டால் அதற்குக் ‘காலவழு’ என்று பெயர். இதைக் கண்டுபிடிக்க ஒரு விதி போதும். பழைய பொருள் பிந்தி வரலாம். புதிய பொருள் முந்தி வர இயலாது. 1979-ஆம் ஆண்டுக் காட்சியில் 1950-ல் செய்த மிதிவண்டி ஓடலாம், தவறில்லை. ஆனால் காட்சியில் உள்ளவற்றுள் எது வயதில் மிக இளையதோ, அதன் பிறந்த ஆண்டுக்கு முன்னால் அக்காட்சியைக் கொண்டுபோக முடியாது. அகழ்வாராய்ச்சி செய்வோரும் இவ்விதியையே கையாளுகின்றனர். கலையாமல் கிடந்த மண் அடுக்கு ஒன்றில் பத்துப் பழங்காசுகளும் ஒரு புதுக்காசும் கிடைத்தால், அடுக்கின் வயதைக் கூறுவது அந்த ஒரு புதுக்காசுதான்.

பலகைகள் பேசும்

இனிப் பேருந்தின் நெற்றியைப் பாருங்கள். ‘திருவண்ணாமலை’. இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ‘லை’ என்ற எழுத்தில் யானைத் தும்பிக்கை போன்ற ஒரு வளைவு மேலே சேர்ந்திருக்கும். ‘ணா’ என்பதும் இன்றுள்ளதுபோல் துணைக்காலுடன் இராது. ஒரே சுழிப்பில் எழுதிய தனி எழுத்தாக இருக்கும். ‘ஊத்தங்கரை’ என்ற பெயரை அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆனால் ‘திருவண்ணாமலை’யில் ஒன்றுக்கு இரண்டாக மாறிய எழுத்துகள்! நம் ஊர்ப் பேருந்துப் பலகையே ஒரு காலக் கருவி என்று சொல்லலாம்.

அப்படியானால் 1979-ல் அப்பலகையில் எந்த எழுத்து இருக்க வேண்டும்? அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். அரசு ஆணை வந்த மறுநாளே ஊரிலுள்ள பலகைகளையெல்லாம் யாரும் மாற்றி எழுதிவிடவில்லை. சில அச்சகங்களும் இதழ்களும் பல ஆண்டுகள் பழைய எழுத்தையே வைத்திருந்தன. ஆகவே 1979-ல் இரண்டும் பொருந்தும். பழையது இன்னும் நன்றாகப் பொருந்தும். சரி, 1950-ஆம் ஆண்டுக் கதையில் புதிய ‘லை’ வந்தால் பிழைதானா? பேருந்துப் பலகையில் வந்தால் பிழை. ஆனால் பாத்திரத்தின் கையில் இருப்பது பெரியாரின் ‘விடுதலை’ நாளேடாக இருந்தால் பிழையில்லை. அவர் 1935 முதலே தம் ஏடுகளில் இவ்வெழுத்துகளைப் பயன்படுத்தி வந்தார். பிழை கண்டுபிடிக்கப் புறப்படுபவர் இத்தகைய விலக்குகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை படத்தில் இராது, அவரிடத்திலேயே இருக்கும்.

பேருந்தின் பக்கவாட்டில் உள்ள பெயரையும் படியுங்கள். ‘தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்’ என்று இருந்தால் அது 1997-க்கு முந்தியதாக இருக்க முடியாது. அதற்கு முன் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. சேலத்தில் இருந்தது அண்ணா போக்குவரத்துக் கழகம். அடுத்து எண்பலகை. டி.என். 24 என்றால் கிருஷ்ணகிரி, டி.என். 70 என்றால் ஓசூர் என்று உங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்வீர்கள். இந்த முறை வந்தது 1989-ல். அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்துகளும் அவற்றை அடுத்து எண்ணும் இருந்தன. சாலையோர மைல் கல்லில்கூட ஒரு துப்பு இருக்கிறது. ஊத்தங்கரை வழியாகச் செல்லும் கிருஷ்ணகிரி - புதுச்சேரி நெடுஞ்சாலைக்கு முன்பு 66 என்று எண். 2010-ல் நாடெங்கும் எண்களை மாற்றியபோது அது 77 ஆயிற்று.

தூக்க முடியாத பெட்டி

இப்போது திருடனின் கைப்பெட்டிக்கு வருவோம். எனக்கு இக்காட்சியில் மிகவும் பிடித்த பிழை இதுதான். ஏனென்றால் இதைக் கண்டுபிடிக்க வரலாறு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

1978 ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று மத்திய அரசு அறிவித்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டு வந்தது 1987-ல். ஆகவே 1979-ல் புழக்கத்தில் இருந்த மிகப் பெரிய நோட்டு நூறு ரூபாய்தான். ஒரு கோடி ரூபாய்க்கு எத்தனை நூறு ரூபாய் நோட்டுகள்? ஓர் இலட்சம். ஒரு நோட்டின் எடை ஏறத்தாழ ஒரு கிராம் என்று கொள்ளுங்கள். ஓர் இலட்சம் கிராம் என்றால் நூறு கிலோகிராம்! இரண்டு நெல் மூட்டைகளுக்கு நிகரான எடையை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நம் திருடன் பேருந்தில் தாவி ஏறுகிறான். அவன் வங்கியைக் கொள்ளையடிப்பதை விட்டுவிட்டுப் பளுதூக்கும் போட்டிக்குப் போயிருக்கலாம்.

பெட்டியைத் திறந்து காட்டும்போதும் கவனம் வேண்டும். இன்று பெரும்பாலான நோட்டுகளில் காந்தியடிகளின் முகம் உள்ளது. அந்த வரிசை 1996-ல் தொடங்கியது. 1979-ன் நோட்டுகளில் பொதுவாக அசோகரின் சிங்கத் தூணையே காணலாம். (1969-ல் காந்தி நூற்றாண்டுக்கென்று வெளியிட்ட சிறப்பு நோட்டுகள் இதற்கு விலக்கு.) ரூபாய்க்கென்று இன்று நாம் எழுதும் தனிக் குறியீடு 2010-ல்தான் வந்தது.

பழங்காலக் கதையைப் படமாக்குவோர் படும் பாடு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். 2008-ல் சசிகுமார் இயக்கி வெளிவந்த ‘சுப்ரமணியபுரம்’ என்ற குற்றக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வன்முறை மிகுந்த படமாதலால் அதைப் பார்க்கச் சொல்லமாட்டேன். எடுத்த முறையைத்தான் சொல்கிறேன். கதை நடப்பது 1980-ஆம் ஆண்டு மதுரையில். இடையில் 28 ஆண்டுகள்! அதற்குள் மதுரை வீதிகளில் கைப்பேசிக் கோபுரங்களும் அச்சடித்த வினைல் பதாகைகளும் வந்துவிட்டன. அவை கேமராவின் பார்வையில் படாமல் மறைக்க வேண்டும். அப்படத்தில் ஊர் இளைஞர்கள் திரையரங்கில் பார்க்கும் படம் ‘முரட்டுக்காளை’. அது 1980-ல் வெளியானதே. சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

பொருள்களை மறைக்கலாம், செடிகளை என்ன செய்வது? 1954-ல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தைத் தமிழின் சிறந்த துப்பறியும் படங்களுள் ஒன்று என்பார்கள். கதை 1943-ல், சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய நாள்களில் நடக்கிறது. பதினொரே ஆண்டு இடைவெளி என்பதால் அன்று பெரிய சிக்கல் இருந்திராது. அதே காலக் கதையை இன்று யாரேனும் ஓசூர்ச் சாலையோரம் படமாக்கினால் என்னவாகும்? வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் பார்த்தீனியம் பின்னணியில் வந்து நிற்கும். அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்தக் களை இந்தியாவில் பரவுவதைப் பூனாவில் கவனித்தது 1950-களின் நடுவில்தான். உடை, கார், கட்டடம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் களைச்செடியிடம் தோற்றுப் போவார்கள்!

வானமும் சும்மா இராது. 1997-ல் வந்த ‘டைட்டானிக்’ படத்தில், 1912 ஏப்ரலில் கப்பல் மூழ்கிய இரவில் இருக்க வேண்டிய விண்மீன்கள் இல்லை என்று நீல் டிகிராஸ் டைசன் என்ற வானியலறிஞர் குறை கூறினார். 2012-ல் படத்தை மீண்டும் வெளியிட்டபோது இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அந்த வானத்தைத் திருத்தினார். அதே படத்தில் கதாநாயகன் தான் மீன் பிடித்ததாகச் சொல்லும் விசோட்டா ஏரி, 1917-ல் அணை கட்டியபின் உண்டான செயற்கை ஏரி. அது திருத்தப்படவில்லை.

தெரிந்தே செய்வதும் உண்டு. ‘பப்ளிக் எனிமீஸ்’ (2009) என்ற அமெரிக்கக் குற்றப் படத்தில் கொள்ளைக்காரன் ஃபிளாய்டு, டில்லிஞ்சருக்கு முன்பே சுட்டுக் கொல்லப்படுகிறான். உண்மையில் டில்லிஞ்சர் இறந்தது 1934 ஜூலையில். ஃபிளாய்டு இறந்தது அக்டோபரில். கதையின் வேகத்துக்காக வரிசையை மாற்றிவிட்டார்கள். கதைக்கு அந்த உரிமை உண்டென்றே நினைக்கிறேன், அதைப் பாடப்புத்தகமாக யாரும் எடுத்துக்கொள்ளாதவரை.

பொருள்களின் பிறந்தநாளும் கல்லில் பொறித்ததன்று. நம் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளைக்கொண்டு, தமிழகத்தில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். 2021-ல் ஒருவர் நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழகத்தைப் பற்றிப் படமெடுத்து அதில் இரும்பு வாளைக் காட்டியிருந்தால் அறிஞர்கள் சிரித்திருப்பார்கள். மறு ஆண்டே சிரிப்பு நின்றிருக்கும்!

நிழல் எந்தப் பக்கம்?

காலவழு ஒரு வகை. ‘கண்டினியூட்டி’ எனத் திரைப்படத்தார் கூறும் தொடர்ச்சியில் வரும் பிழை இன்னொரு வகை. ஒரு நொடி முன்பு நிறைந்திருந்த தேநீர்க் குவளை மறு நொடி காலியாக இருக்கும். இடது கன்னத்துக் காயம் வலது கன்னத்துக்குத் தாவும். காரணம் எளியது. திரையில் இரண்டு நிமிடம் ஓடும் சண்டையை ஒரு நாள் முழுவதும் எடுக்கிறார்கள். கதையின் வரிசைப்படியும் எடுப்பதில்லை. இடம், வெளிச்சம், நடிகரின் ஓய்வு நேரம் ஆகியவற்றுக்கு ஏற்ப முன்னும் பின்னுமாக எடுத்துப் பிறகு ஒட்டுகிறார்கள். இதற்காகவே ஓர் உதவி இயக்குநர் ஒவ்வொரு துண்டிலும் யார் எங்கே நின்றார், சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தார் என்று குறித்துக்கொண்டே இருப்பார்.

அவரால் கட்டிவைக்க முடியாத ஒன்று சூரியன். ஊத்தங்கரையின் அட்சரேகை சுமார் 12 பாகை. எனவே ஏப்ரல் 22-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நம் உச்சிக்கு நேரே வருகிறது. அந்த நண்பகல் நம் கடிகாரத்தில் சுமார் 12 மணி 15 நிமிடம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், அதற்கு மூன்று மணி நேரம் முன்பு, அதாவது 9.15-க்கு, உங்கள் நிழல் ஏறக்குறைய உங்கள் உயரத்துக்கு மேற்கே நீளும். பிற்பகல் 3.15-க்கு அதே நீளம் கிழக்கே விழும். காலையில் திருடனையும் மாலையில் போலீஸ்காரரையும் படமெடுத்து ஒட்டினால், எதிரெதிரே நிற்கும் இருவரின் நிழல்களும் எதிரெதிர்த் திசையில் விழும். இரண்டு சூரியன்கள் வேண்டியிருக்கும்!

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்தில், பெங்களூர் - மைசூர்ச் சாலையிலுள்ள ராமநகரத்துப் பாறைக் குன்றுகளில் எடுத்த ‘ஷோலே’ (1975) இந்தித் திரைப்படத்தை அறியாதவர் குறைவு. கொள்ளையனால் கைகள் வெட்டப்பட்ட தாக்கூராகச் சஞ்சீவ் குமார் நடித்தார். அவர் உடைக்குள் மறைத்துவைத்திருந்த கைகள் இறுதிச் சண்டையில் ஓரிரு கணம் தெரிந்துவிடுகின்றன. அப்படத்தின் மற்றொரு ‘பிழை’யும் புகழ் பெற்றது. மின்சாரமில்லாமல் விளக்கேற்றும் ஊரில் அவ்வளவு உயரத் தண்ணீர்த் தொட்டி எதற்கு, யார் நீரேற்றினார்கள் என்று கேட்பார்கள். டீசல் எஞ்சின் வைத்து ஏற்றியிருக்கலாமே? இதைப் பிழைப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

கண் என்னும் சாட்சி

கோடிக்கணக்கானோர் ‘ஷோலே’யைப் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே அந்தக் கைகளைக் கவனித்திருப்பார்கள்? இங்கேதான் விளையாட்டு முடிந்து விஷயம் கனமாகிறது.

1997-ல் டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சிறு படம் எடுத்தார்கள். இரண்டு பெண்கள் மேசையருகே பேசிக்கொண்டிருக்கிறார்கள். காட்சி மாறும்போதெல்லாம் வேண்டுமென்றே ஏதேனும் ஒன்றை மாற்றினார்கள். கழுத்துத் துணி மறைந்தது. சிவப்புத் தட்டு வெள்ளையாயிற்று. பார்த்தவர்கள் ஏறக்குறைய எதையுமே கவனிக்கவில்லை. மற்றொரு படத்தில், தொலைபேசி மணி கேட்டு ஒருவர் எழுகிறார். அடுத்த காட்சியில் பேசுவது வேறு நடிகர்! பார்த்தவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை.

‘படம்தானே, நேரில் என்றால் கண்டுபிடித்துவிடுவோம்’ என்கிறீர்களா? மறு ஆண்டில் அதையும் சோதித்தார்கள். ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்கிறார். நடுவில் இரண்டு பேர் ஒரு கதவைச் சுமந்து செல்கிறார்கள். அதன் மறைவில் வழி கேட்டவர் நழுவ, வேறொருவர் வந்து நிற்கிறார். ஏறக்குறையப் பாதிப் பேர் எதுவும் நடவாததுபோல் புதியவரிடம் தொடர்ந்து வழி சொன்னார்கள்.

நம் கண் கேமராவைப்போல் எல்லாவற்றையும் பதிவதில்லை. வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. விட்டுப்போன இடங்களை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. திரையரங்கில் இதனால் நட்டமில்லை. நீதிமன்றத்தில்? ‘இவரைத்தான் பார்த்தேன்’ என்று உறுதியாகச் சொல்லும் ஒரு சாட்சியின் சொல்லில் ஒருவரது வாழ்க்கை தொங்குகிறது. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று தெரிந்து விடுதலையான நூற்றுக்கணக்கானோரின் வழக்குகளில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் கண்ணால் கண்ட சாட்சி தவறாக ஆள் காட்டியிருந்தார். அவர்களில் பெரும்பாலோர் பொய் சொன்னவர்கள் அல்லர். தாம் கண்டதாக உண்மையிலேயே நம்பியவர்கள்.

இதனால்தான் துப்பறிவோர் பொருள்களிடமும் சாட்சி கேட்கிறார்கள். 1983 ஏப்ரலில் ‘ஷ்டெர்ன்’ என்ற ஜெர்மன் வார இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் கிடைத்துவிட்டதாக அறிவித்தது. அவற்றுக்கு அவ்விதழ் கொடுத்த விலை 90 இலட்சம் மார்க்குக்கு மேல்! கையெழுத்து நிபுணர்கள் ஒப்பிட்டுப் பார்த்து, ஹிட்லருடையதே என்றார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளில் சிலவற்றையும் அதே மோசடிக்காரர்தான் எழுதியிருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு தாளைப் புற ஊதாக் கதிரில் காட்டினார்கள். அது நீலமாக ஒளிர்ந்தது. தாளையும் துணியையும் பளிச்சென்று காட்டச் சில வேதிப்பொருள்களைச் சேர்ப்பதுண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளிவிடும். சலவைத்தூளில் துவைத்த வெள்ளைச் சட்டை அக்கதிரில் ஒளிர்வதும் இதனாலேயே. அந்த நாட்குறிப்புத் தாளில் இருந்த வெளுப்பூட்டி 1950-களில்தான் காகித ஆலைகளுக்கு வந்தது. ஹிட்லர் இறந்தது 1945-ல்! நிபுணர்களின் கண்ணை ஏமாற்றிய கொன்ராட் குஜாவால் தாளை ஏமாற்ற முடியவில்லை. 1985-ல் அவருக்கு நாலரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

ஓசூர் முதல் ஊத்தங்கரை வரை நிலத்தின் விலை ஏறிவரும் நம் பகுதியிலும் இவ்விதியை நினைவில் வைக்கலாம். 1990-ல் எழுதியதாகச் சொல்லும் ஒரு நிலப் பத்திரத்தில் ‘கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று கண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

முடிவாக உங்களுக்கு ஒரு புதிர். ஊத்தங்கரையில் எடுத்த தேதியில்லாத பழைய புகைப்படம் ஒன்று. பேருந்தில் அண்ணா போக்குவரத்துக் கழகத்தின் பெயர். நெற்றிப் பலகையில் தும்பிக்கையுள்ள பழைய ‘லை’. அருகே மூன்றெழுத்து எண்பலகையுடன் ஒரு டிவிஎஸ் 50. தேநீர்க் கடைக்காரர் கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு. அங்கே நிற்பவரின் நிழல் அவர் உயரத்துக்குக் கிழக்கே நீண்டிருக்கிறது. படம் எடுத்தது எந்த ஆண்டுக்குப் பிறகு? எந்த ஆண்டுக்கு முன்பு என்று அதே உறுதியுடன் சொல்ல இயலுமா? காலையா, மாலையா? விடையை எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள பழைய படங்களையும் எடுத்துப் பாருங்கள்; முதலில் ஆள்களின் முகத்தை அல்ல, பின்னால் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று.